இரண்டு பெல்லோவிலிருந்து நான்கு: பழைய ஜிஎம்சி மோட்டர்ஹோமின் பின்பக்க ஏர் சஸ்பென்ஷன்

பழைய ஜிஎம்சி மோட்டர்ஹோமின் (வீடு போல் தங்கிப் பயணிக்கும் வண்டி) பின்பக்கம் குனிந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, அங்கே இல்லாத ஒன்று. இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை குறுக்கே ஓடும் ஆக்சில் கிடையாது. டிஃபரன்ஷியல் கிடையாது, புரொப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரின் முன்சக்கர இயக்கத்தை எடுத்து, வி8 எஞ்சினையும் (பெரும்பாலானவற்றில் 455 கன அங்குலம்) கியர்பாக்ஸையும் முன்னாலேயே முடித்துவிட்டார்கள். பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாக, பிரேமின் வெளிப்புறத்தில் தொங்குகின்றன. நடுவே தடை ஏதும் இல்லாததால் வண்டியின் உள்தரையை அவ்வளவு தாழ்வாக இறக்க முடிந்தது. 1973 முதல் 1978 வரை மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் நகரில் 12,900-க்கு மேல் இப்படிச் செய்தார்கள். 23 அடி, 26 அடி என்று இரண்டு நீளம். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் உரிமையாளர்கள் அதிகம் கை வைக்கும் இடங்களில் ஒன்று, இந்தப் பின்பக்க ஏர் சஸ்பென்ஷன்.

நம் ஊர் ஆம்னி பஸ் மெக்கானிக்குகள் 'பெல்லோ' என்று சொல்லும் அந்த ரப்பர் காற்றுப் பைதான் இங்கேயும். ஆனால் பஸ்ஸில் அது ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும். ஜிஎம்சியில் படுத்துக் கிடக்கிறது. இரு சக்கரங்களுக்கும் நடுவே பிரேமில் ஒரு கனத்த பெட்டி போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். அதிலிருந்து ஒரு ஆர்ம் முன்னோக்கியும் ஒரு ஆர்ம் பின்னோக்கியும் போகும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சக்கரம். இரண்டு ஆர்மும் பெட்டியில் உள்ள தடித்த பின்களில் (அச்சாணிகளில்) சுழலும். ஒவ்வொரு ஆர்முக்கும் மேல்நோக்கி ஒரு கொம்பு உண்டு. சக்கரம் மேலே போனால் கொம்புகள் ஒன்றையொன்று நெருங்கும், சக்கரம் இறங்கினால் விலகும். அந்த இரண்டு கொம்புகளுக்கும் இடையில் ஒரே ஒரு நீளமான பெல்லோ. ஃபயர்ஸ்டோன் செய்தது. அதன் இரு முனைகளும் கொம்புகளில் உள்ள முளைகளில் செருகி உட்கார்ந்திருக்கும். பிரேமில் எங்கும் பிடிப்பு இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்த அமைப்பின் அழகும் கோளாறும் சேர்ந்து இருக்கின்றன.

பெல்லோ பிரேமைத் தொடாததால் இரண்டு முனைகளிலும் எப்போதும் ஒரே விசைதான். இந்த இரண்டில் முன்னால் உள்ளது (வண்டியின் நடுச் சக்கரம்) ஒரு மேட்டில் ஏறினால் அதன் கொம்பு பெல்லோவைத் தள்ளும், பெல்லோ அப்படியே நகர்ந்து அடுத்த கொம்பைத் தள்ளும், கடைசிச் சக்கரம் கீழே அழுந்தும். தராசுத் தண்டு மாதிரி. கரடுமுரடான தரையில், சாய்வான வாசலில், இரண்டு சக்கரங்களும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இதைக் குறைத்துப் பேசக் கூடாது. 1970-களில் இவ்வளவு எளிமையாக ஒரு சுயசமன் அமைப்பை யோசித்தது பெரிய வேலை.

கோளாறு, பிரேக் பிடிக்கும்போது தெரியும்.

பின்பக்க டிரம் பிரேக்கின் தட்டு நேரடியாக ஆர்மில் பொருத்தப்பட்டது. பிரேக் பிடித்ததும் சக்கரமும் ஆர்மும் ஒரே கட்டியாகிவிடும். சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கிறது. இழுக்கும் இடம் ஆர்ம் சுழலும் அச்சாணியின் மட்டத்துக்குக் கீழே. பின்னோக்கிப் போகும் ஆர்மில் இந்த இழுப்பு சக்கரத்தை மேலே தூக்கப் பார்க்கும், முன்னோக்கிப் போகும் ஆர்மில் அதே இழுப்பு சக்கரத்தைக் கீழே அழுத்தும். விளைவாக நடுச் சக்கரத்தில் பாரம் கூடும், கடைசிச் சக்கரத்தில் குறையும். பலமாக மிதித்தால் கடைசிச் சக்கரத்தின் பாரம் பூஜ்யத்தை நெருங்கும். அந்தக் கட்டத்தில் அதைத் திரும்பக் கீழே தள்ள எதுவும் இல்லை. ஏனென்றால் அது மேலே வர வர, பிடிப்பில்லாத பெல்லோ நகர்ந்து முன் ஆர்மைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கடைசிச் சக்கரம் லாக் ஆகும், தத்தும், டயரில் ஆங்காங்கே தட்டையான தேய்மானம் விழும். கடைசிச் சக்கரத்து டயரில் மட்டும் அப்படிப்பட்ட திட்டுகள் இருந்தால் வீல் பேலன்ஸைக் குறை சொல்ல வேண்டாம், காரணம் இதுதான்.

நான்கு பெல்லோ அமைப்பு இந்த இடத்தில் நுழைகிறது. பக்கத்துக்கு ஒரு நீண்ட பெல்லோவுக்குப் பதில் இரண்டு குட்டைப் பெல்லோ. இரண்டுக்கும் நடுவே பிரேமில் போல்ட் போட்ட ஒரு எஃகு பிராக்கெட். ஒவ்வொரு ஆர்மும் தன் பெல்லோவை அந்த பிராக்கெட்டின்மேல் அழுத்துகிறது. ஒரு சக்கரம் மேலே வந்தால் அதன் பெல்லோவே அழுந்தி அதைக் கீழே தள்ளும், அடுத்த சக்கரத்துக்குச் சொல்லியனுப்பாது. நெடுஞ்சாலையில் வண்டி படகு போல முன்னும் பின்னும் ஆடுவது குறையும், கடைசிச் சக்கரத்தின் தத்தல் அடங்கும்.

இதில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். நான்கு பெல்லோ போட்டால் பிரேக் பிரச்சினை முழுக்கத் தீர்ந்துவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. தீராது. நடுச் சக்கரத்துக்குப் பாரம் போவதும் கடைசிச் சக்கரம் இலேசாவதும் ஆர்மின் அமைப்பிலேயே இருக்கிறது. சமதளத்தில் நான்கு பெல்லோவிலும் அதே கணக்குத்தான். சக்கரம் எழும்பத் தொடங்கியபின் அது கட்டுப்பாடின்றிப் போவதைத்தான் இந்த மாற்றம் தடுக்கிறது. பாரம் மாறுவதையே தடுக்க வேண்டுமானால் பிரேக் காலிப்பரை ஆர்மில் இருந்து விடுவித்து, தனியாகச் சுழலும் தட்டில் பொருத்தி, அந்தத் தட்டை ஒரு கம்பியால் பிரேமோடு கட்டும் ரியாக்‌ஷன் ஆர்ம் அமைப்பு வேண்டும். அது டிஸ்க் பிரேக் மாற்றத்தோடு சேர்ந்த வேறு செலவு.

எதை முதலில் செய்வது

தேய்ந்த வண்டியில் புதுப் பெல்லோ போடுவது இற்றுப்போன கூரைக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தான். முதலில் ஆர்ம் சுழலும் பின்களையும், அவற்றைச் சுற்றியுள்ள உறைகளான புஷ்களையும் பாருங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயருக்கு அடியில் ஒரு நீளக் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். உள்ளும் வெளியும் 'டொக் டொக்' என்று ஆடினால் அது வீல் பேரிங்கா, புஷ்ஷா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உதவிக்கு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதும் அதே ஆட்டம் இருந்தால் புஷ். மிதித்ததும் நின்றுவிட்டால் பேரிங்.

புஷ் தேய்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: சக்கரம் தரையில் நிற்கும்போதே கிரீஸ் அடிப்பது. பாரம் ஏறிய நிலையில் அச்சாணி ஒரு பக்கமாக புஷ்ஷை அழுத்திக்கொண்டிருக்கும். கிரீஸ் சுலபமான பக்கம் வழியாக வெளியே பிதுங்கிவிடும், தேவைப்படும் பக்கத்துக்குப் போகவே போகாது. பிரேமைத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, நிப்பிளில் கிரீஸ் கன்னைப் பிடித்து, இரு ஓரங்களிலும் புதுக் கிரீஸ் வரும்வரை அடியுங்கள். நடுவில் ஆர்மைக் கொஞ்சம் ஆட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஆட்டத்துக்குக் காரணம் பல வண்டிகளில் பெல்லோ அல்ல, செத்துப்போன ஷாக்தான். எண்ணெய் கசிந்திருந்தாலோ, கழற்றி இழுக்கும்போது நடுவில் ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் சறுக்கினாலோ மாற்றிவிடுங்கள். அதன்பிறகும் ஆட்டம் இருந்தால் நான்கு பெல்லோவைப் பற்றி யோசிக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்களுக்கு மாற்றம் ஏமாற்றமாகவே முடியும்.

நான்கு பெல்லோ மாற்றத்துக்கான கிட் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இதில் வரும் பெல்லோவின் எண் என்ன, அதே எண் சாதாரண லாரி உதிரிபாகக் கடையில் கிடைக்குமா? கிட் செய்தவர் கடையை மூடிவிடலாம், பெல்லோ நடுவழியில் வெடிக்கலாம். அந்த நாளில் ஏதோ ஒரு ஊரின் லாரிக் கடையில் கை நீட்டி வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கழற்றுவது

இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய கட்டம் இதுதான், எனவே நிதானமாக. சமமான கான்கிரீட் தரை வேண்டும். பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களில்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நிமிடம் அதனால் பயன் இல்லை. கியரை பார்க்கில் போட்டு, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டி சாமான்களோடு 5 டன்னை நெருங்கும், ஆகவே 6 டன் தாங்கும் ஸ்டாண்டுகளையே எடுங்கள். ஸ்டாண்டு நிற்க வேண்டியது பிரேமுக்கு அடியில். ஆர்முக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டுக் காற்றை இறக்கினால், ஆர்ம் இருந்த இடத்திலேயே இருக்கும், வண்டி கீழே வந்துவிடும். ஸ்டாண்டுக்குத் துணையாகக் கட்டைகளை அடுக்கி வைப்பது கூடுதல் காப்பு. பெல்லோவில் உள்ள காற்றை மட்டும் நம்பி ஒரு நொடிகூடக் கீழே தலை நீட்டாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். சக்கரங்களைக் கழற்றியதும் ஆர்ம்கள் முழுக்கத் தொங்கட்டும். அப்போதுதான் கொம்புகள் அதிகபட்சமாக விலகி, பெல்லோவை வெளியே எடுக்க இடம் கிடைக்கும். காற்றை முதலில் வால்வு வழியாக விட்டு, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகே ஃபிட்டிங்கைக் கையால் மெதுவாகத் தளர்த்துங்கள். 'உஸ்' சத்தம் முழுதாக நிற்கும்வரை அடுத்த சுற்று வேண்டாம்.

பிறகுதான் உண்மையான மல்லுக்கட்டு. பெல்லோவின் முனைக் கூம்பும் கொம்பின் முளையும் நாற்பது, ஐம்பது வருடத் துருவில் ஒன்றாகிக் கிடக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். இதற்கென்றே செய்த புல்லர் கிடைக்கிறது. அது இல்லாமல் சுத்தியலால் ஆர்மின் கொம்பை அடித்தால் வேலையும் நடக்காது, புஷ்ஷுக்கும் அடி விழும். சூடு காட்டுவதானால் பெல்லோவில் துளியும் காற்று இல்லை, ஃபிட்டிங் கழன்று திறந்திருக்கிறது என்று உறுதி செய்தபிறகு மட்டும். பழைய பெல்லோ நல்ல நிலையில் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதற்கு இன்னும் பயன் இருக்கிறது.

முளைகளை வயர் பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேயுங்கள். பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். மறுபடி பொருத்தும்போது துருப்பிடித்து ஒட்டாமல் தடுக்கும் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். அடுத்த முறை கழற்றப்போவது நீங்களாகவே இருக்கலாம்.

பொருத்துவது

நடு பிராக்கெட்டை முதலில் பெல்லோ இல்லாமலேயே வைத்துப் பாருங்கள். பிரேமில் துளை போட வேண்டியிருந்தால் செங்குத்தான பக்கத் தகட்டில் மட்டும் போடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் துளை கூடாது. வளைவு விசை முழுவதையும் அந்த விளிம்புகள்தாம் வாங்குகின்றன. துளை ஓரத்தில் ஆரம்பிக்கும் விரிசல் பிறகு நிற்காது. பிராக்கெட் உட்காரும் இடத்தில் தடித்த பெயின்டும் துருப் பொருக்கும் இருந்தால் சுரண்டி, மெல்லிய பிரைமர் மட்டும் அடியுங்கள். பொருக்கின்மேல் இறுக்கிய போல்ட், பொருக்கு நொறுங்கியதும் தானாகவே தளர்ந்துவிடும்.

போல்ட்டுகளின் தரத்தைக் குறைக்காதீர்கள். சாதாரண ஓட்டத்தில் இரண்டு பெல்லோவும் பிராக்கெட்டை எதிரெதிராக அழுத்துவதால், பிராக்கெட்டுக்குப் பெரிய வேலை இல்லாதது போலத் தோன்றும். ஒரு பெல்லோ வெடித்த மறுகணம் மற்றொன்றின் முழு விசையும் ஒரே பக்கமாக பிராக்கெட்டில் இறங்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் கிட்டில் கிரேடு 8 போல்ட்டுகள் வருகின்றன. கிட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். பிறகு பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

பெல்லோவின் இரு முகங்களும் வண்டி ஓடும் உயரத்தில் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கொம்பு வட்டப்பாதையில் போவதால் மேலும் கீழும் கொஞ்சம் சாயத்தான் செய்யும். நடு நிலையில் நேராக இருந்தால் சாய்வு இரு பக்கமும் சமமாகப் பிரியும். தொங்கும் நிலையில் நேராக இருக்கும்படி பொருத்திவிட்டால் ஓடும் நிலையில் ரப்பர் ஒரு பக்கமாகவே மடிந்து, சில மாதங்களில் அந்த மடிப்பில் நூல் தெரியும்.

சுற்றிலும் இடைவெளி பாருங்கள். காற்று நிறைந்து அழுந்தும்போது பெல்லோவின் குறுக்களவு கூடும். டயரின் உள்பக்கம், பிரேக் ஹோஸ், லெவலிங் வால்வின் (உயரத்துக்கேற்ப காற்றை ஏற்றி இறக்கும் வால்வு) கம்பி ஆகிய எதிலும் படாமல் எல்லாப் பக்கமும் ஒரு அங்குலமாவது இருக்கட்டும். ரப்பர் எதையாவது உரசினால் சில நூறு மைலில் ஓட்டை விழும்.

இனி முதல் காற்று. சக்கரங்கள் தொங்கும் நிலையில் முழு அழுத்தம் ஏற்றவே கூடாது. எதிர்க்கப் பாரம் இல்லாததால் பெல்லோ நீளும்வரை நீண்டு, பிறகு ஷாக் அப்சார்பர்தான் எல்லைக்கட்டையாக மாறும், அதன் கண் பிய்ந்துவிடும். வெறும் 10 பிஎஸ்ஐ ஏற்றி, ரப்பர் மடிப்பின்றி உருள்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன்பின் மெதுவாக ஏற்றுங்கள்.

காற்றுக் குழாய்

ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு பெல்லோவையும் டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைக்கலாமா, தனித்தனியாக விடலாமா? இந்தக் கேள்விக்கு என் பதில்: கால் அங்குல நைலான் குழாயால் இணையுங்கள். மெல்லிய குழாயில் காற்று மெதுவாகத்தான் போகும். பிரேக், பள்ளம், பாலத்தின் இணைப்பு போன்ற நொடிப்பொழுது நிகழ்வுகளில் இரண்டும் தனித்தனி ஸ்பிரிங்குகளாகவே நடந்துகொள்ளும். சாய்வான தரையில் நிறுத்தும்போதோ நீண்ட ஏற்றத்திலோ காற்று நிதானமாக இடம் மாறி, பழைய ஒற்றைப் பெல்லோவின் சமன்பாடு ஓரளவு திரும்பக் கிடைக்கும். அரை அங்குலக் குழாய் போட்டால் இந்த வித்தியாசம் கரைந்துபோகும்.

இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் எக்காரணம் கொண்டும் திறந்த குழாயால் இணைக்காதீர்கள். வளைவில் வெளிப்பக்கப் பெல்லோவின் காற்று உள்பக்கத்துக்கு ஓடும். வண்டி மேலும் சாயும், சாயச் சாய இன்னும் ஓடும்.

டீக்குப் பிறகு ஒவ்வொரு பெல்லோவுக்கும் ஒரு சிறிய பால் வால்வு வையுங்கள். ஒன்று வெடித்தால் அதை அடைத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம். இல்லையென்றால் டீ வழியாக இரண்டும் சேர்ந்து காலியாகும், நான்கு பெல்லோ போட்ட பயனில் பாதி அங்கேயே போய்விடும். பக்கத்துக்கு ஒரு டயர் வால்வும் வெளியே எட்டும் இடத்தில் இருக்கட்டும். கம்ப்ரசர் செத்துப்போனாலும் பெட்ரோல் பங்கில் காற்று அடித்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

நைலான் குழாயைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கி முட்டை வடிவாகிவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் அது சரியாக உட்காராது. குழாய் வெட்டும் கட்டரால் நேராக வெட்டி, உள்ளே போக வேண்டிய ஆழத்தைப் பேனாவால் குறித்து, குறி மறையும்வரை தள்ளுங்கள். திருகு இணைப்புகளில் டெஃப்லான் டேப்பைவிட பசையே மேல். டேப்பின் நூல் ஒன்று பிய்ந்து லெவலிங் வால்வுக்குள் போய் உட்கார்ந்தால், கசிவைத் தேடி ஒரு வாரம் அலைய நேரிடும்.

பழைய கம்ப்ரசரை மாற்றும்போது புதிய 12 வோல்ட் கம்ப்ரசரின் பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தை மட்டும் பார்க்காமல், 100 பிஎஸ்ஐயில் அது எத்தனை சதவீத நேரம் ஓடலாம் என்பதையும் பாருங்கள். 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடினால் 20 நிமிடம் ஆற வேண்டும். கசிவுள்ள அமைப்பில் அப்படிப்பட்ட கம்ப்ரசர் சீக்கிரமே கருகும். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று சூடானது, அதனால் முதல் ஓரடி நீளம் எஃகு வலை பின்னிய ஹோஸ்தான், நைலான் அங்கே இளகிவிடும். அதன்பின் செக் வால்வு, டேங்க், டேங்கின் மேல் சேஃப்டி வால்வு, அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வு. 30 ஆம்பியர் பியூஸை பேட்டரிக்கு அருகிலேயே வைத்து, 10 கேஜ் வயரில் ரிலே வழியாகக் கொடுங்கள். தனியாக ஒரு மெயின் சுவிட்ச் அவசியம். கசிவு ஒன்று இருந்தால் கம்ப்ரசர் ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் இரவெல்லாம் ஓடி, காலையில் பேட்டரியைக் காலி செய்திருக்கும்.

டேங்கில் 145 பிஎஸ்ஐயில் நிற்கும் சுவிட்ச் வைத்து, கையால் காற்றைத் திறந்து மூடும் முறையை வைத்திருந்தால், பெல்லோ பக்கம் ஒரு ரெகுலேட்டர் கட்டாயம். பெல்லோவின் தகட்டில் அச்சிட்டிருக்கும் உச்சவரம்பைத் தாண்டாதபடி அதை வையுங்கள்.

உயரம்தான் அளவு

"எத்தனை பிஎஸ்ஐ வைக்கணும்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. கேள்வியே தவறு. சரியான உயரத்தில் வண்டி நிற்க எவ்வளவு அழுத்தம் தேவையோ அதுதான் அழுத்தம். பிரேமில் முன்னும் பின்னும் நீள்வட்டத் துளைகள் இருக்கின்றன. தரையிலிருந்து துளையின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். பின்பக்கம் 11 11/16 அங்குலம், அதாவது 297 மி.மீ. முன்பக்கம் 13 1/8 அங்குலம், 333 மி.மீ. இரண்டிலும் கால் அங்குலம் கூடக் குறைய இருக்கலாம்.

அளப்பதற்கு முன் டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். பழைய 8.75-16.5 டயருக்குப் பதில் இன்று பெரும்பாலோர் 16 அங்குல வீலில் 225/75R16 போடுகிறார்கள். எதுவானாலும் எல்லா டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். பெட்ரோல், தண்ணீர் டேங்குகள் வழக்கமாகப் பயணம் போகும் அளவுக்கு நிறைந்திருக்கட்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, பிரேக் பிடிக்காமல் உருண்டு நிற்கும்படி நிறுத்தி அளங்கள். முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரை முதலில் சரி செய்யுங்கள். அது தாழ்ந்திருந்தால் பின்பக்க அளவும் பொய்யாகும். லெவலிங் வால்வு இருக்கும் வண்டியில் அதன் கம்பியின் நீளத்தை மாற்றி உயரத்தைப் பிடிக்க வேண்டும். கம்பியின் கையைத் தலைகீழாக மாட்டிவிட்டால், வண்டி தாழும்போது வால்வு காற்றை இன்னும் வெளியே விடும். முதல்முறை இறக்கியதும் ஒரு பக்கம் விறுவிறுவென்று உட்கார்ந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

உயரம் சரியான பிறகு இரு பக்க அழுத்தத்தையும் எழுதி வையுங்கள். பழைய ஒற்றைப் பெல்லோவில் 100 பிஎஸ்ஐ, ஏறத்தாழ 7 பார், சகஜம். இடது 100, வலது 85 என்று வந்தால் கேஜ் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. இடது பக்கம் பாரம் அதிகம், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க் எந்தப் பக்கம் என்று யோசித்தால் புரிந்துவிடும். சாமானை இடம் மாற்றிச் சமன் செய்யலாம். உயரத்தை விட்டுக்கொடுத்து அழுத்தத்தைச் சமன் செய்தால் வண்டி சாய்ந்துதான் நிற்கும்.

பின்பக்கம் ஒரு அங்குலம் அதிகமாக நின்றால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பார்கள். 26 அடி வண்டியின் வீல்பேஸ் 160 அங்குலம். பின்பக்கம் ஒரு அங்குலம் எழுந்தால் முழு வண்டியும் சுமார் 0.36 டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது, முன்சக்கரத்தின் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) அதே அளவு குறைகிறது. ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் தன்மை குறைந்து, காற்றடித்தால் வண்டி அலையும். ஸ்டீயரிங் பெட்டியை மாற்றியும் சரியாகவில்லை என்று புலம்பும் சில வண்டிகளுக்கு வேண்டியது ஒரு அளவுநாடா மட்டுமே. அதனால் அலைன்மென்ட் எப்போதும் உயரம் சரிசெய்த பிறகுதான்.

கசிவும் குளிரும்

சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தடவி, டார்ச் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். பெரிய கசிவு குமிழியாகப் பொங்கும். சின்னக் கசிவில் குமிழி வராது, சோப்பு நுரை வெண்ணெய் போல் மெல்லத் திரண்டு நிற்கும். ராத்திரியில் வண்டியை இறக்கிவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

எங்கே என்று தெரியவில்லையானால் பால் வால்வுகளை மூடிவிட்டு மறுநாள் காலை அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் பெல்லோ அல்லது அதன் ஃபிட்டிங். இறங்கவில்லையென்றால் குழாய், டேங்க், லெவலிங் வால்வு பக்கம் தேடுங்கள்.

ஆனால் காலையில் இறங்கியிருப்பதெல்லாம் கசிவல்ல. பகலில் 35 டிகிரி, விடியற்காலையில் 10 டிகிரி என்றால் காற்றின் கன அளவு சுமார் 8 சதவீதம் சுருங்கும். வண்டியின் பாரம் மாறாததால் கேஜில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், உயரம் மட்டும் குறையும். கேஜை மட்டும் பார்ப்பவர்களை இது ரொம்பக் குழப்பும். வெயில் ஏறியதும் வண்டி தானே எழுந்தால் கசிவைத் தேட வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

காலியான பெரிய மைதானத்தில் மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக, பிரேக் பிடியுங்கள். வெளியே ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று கடைசிச் சக்கரத்தைக் கவனிக்கட்டும். மாற்றத்துக்கு முன்பும் இதையே செய்து வீடியோ எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடச் சுலபம். நிறுத்தியதும் நான்கு டிரம்மின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளங்கள். ஒரே பக்கத்தில் கடைசிச் சக்கரத்தின் டிரம் நடுச் சக்கரத்தைவிட மிகக் குளிர்ந்திருந்தால், அது உருளாமல் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது, அல்லது பிரேக்கே பிடிக்கவில்லை. லாக் ஆனதா இல்லையா என்பதைத் தரையில் விழுந்த கறுப்புக் கோடு சொல்லிவிடும்.

பிராக்கெட் போல்ட்டுகளை 100 மைலில் ஒருமுறையும் 500 மைலில் ஒருமுறையும் திரும்ப இறுக்கிப் பாருங்கள். புதுப் பெல்லோ முதல் சில வாரங்களில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், உயரத்தையும் அப்போதே மறுபடி அளந்துவிடுங்கள்.

நெடும்பயணத்துக்குக் கூடவே எடுத்துப் போக வேண்டியவை: ஒரு உபரிப் பெல்லோ, கால் அங்குல நைலான் குழாய் பத்தடி, இரண்டு நேர் இணைப்பு, ஒரு டீ, ஒரு எல்போ, குழாய் கட்டர், சின்ன பாட்டிலில் சோப்புத் தண்ணீர். நான்கு பெல்லோவுக்கு மாறியிருந்தாலும், கழற்றி வைத்த பழைய ஒற்றைப் பெல்லோவையும் புல்லரையும் ஒரு சாக்கில் கட்டிப் பின்பக்க அறையில் போட்டுவிடுங்கள். பிராக்கெட்டே வளைந்துபோன நாளில், அதைக் கழற்றிவிட்டு அந்தப் பழையதை இரண்டு கொம்புகளுக்கும் நடுவே மாட்டினால் வண்டி ஊர் வந்து சேரும்.